கம்பியில் வருவது ஒன்று, கணக்கில் ஏறுவது இன்னொன்று

சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையத்தில் இரவு பத்து மணிக்கு ஓடுபாதை விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. 2025 ஜனவரி முதல் அந்த விளக்குகள் மட்டுமல்ல, மாநகராட்சிக்குச் சொந்தமான எல்லாக் கட்டடங்களும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் ஓடுவதாக நகர நிர்வாகம் சொல்கிறது. இரண்டு விமான நிலையங்கள், தீயணைப்பு நிலையங்கள், நூலகக் கிளைகள், உலகின் மிகப் பெரிய குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்று என்று பட்டியல் நீளம். இந்த மின்சாரத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு, மாநிலத்தின் நடுப்பகுதியில் அமைத்த 593 மெகாவாட் சூரிய மின் பூங்காவோடு ஒப்பந்தம் இருக்கிறது. மீதியை வேறு இடங்களிலிருந்து பசுமை மின்சாரச் சான்றிதழ் வாங்கிச் சரிக்கட்டுகிறார்கள்.

இரவு பத்து மணிக்குச் சூரிய மின்சாரமா?

இப்படிக் கேட்பவரைக் குதர்க்கம் பேசுகிறார் என்று ஒதுக்கிவிட முடியாது. நகரங்கள் பசுமை மின்சாரம் வாங்கும் விவகாரத்தில் இருக்கிற சிக்கல் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

மின் கட்டமைப்பை ஓர் ஏரியாக நினைத்துக்கொள்ளலாம். ஆறேழு வாய்க்கால்கள் வந்து விழுகின்றன. மதகைத் திறந்தால் வெளியே பாயும் தண்ணீர் எந்த வாய்க்காலுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அணு உலை, எரிவாயு, நிலக்கரி, காற்றாலை, சூரியத் தகடு எல்லாம் ஒரே ஏரியில்தான் கொட்டுகின்றன. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அணு மின்சாரம். அந்த இரவு விளக்குக்குப் போவது பெரும்பாலும் அணு, எரிவாயு, காற்று எல்லாம் கலந்த கலவைதான்.

அப்படியானால் மாநகராட்சி பொய் சொல்கிறதா? இல்லை. அது பேசுவது கணக்கை. வருடத்துக்கு நாங்கள் ஏரியிலிருந்து எத்தனை குடம் எடுத்தோமோ, அத்தனை குடம் சுத்தமான தண்ணீர் ஏரிக்கு வந்து சேரப் பணம் கொடுத்திருக்கிறோம் என்கிறது. இதில் தவறில்லை. ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும்: அந்தத் தண்ணீர் நீங்கள் பணம் கொடுத்ததால் வந்ததா, கொடுக்காவிட்டாலும் வந்திருக்குமா?

ஒரு சான்றிதழின் கதை

காற்றாலை ஒன்று ஒரு மெகாவாட் மணி, அதாவது 1,000 யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்தால் அதிலிருந்து விற்பனைக்கு இரண்டு பொருள் கிடைக்கிறது. ஒன்று மின்சாரம். மற்றொன்று, ‘இந்த 1,000 யூனிட் காற்றிலிருந்து வந்தது’ என்று சொல்லும் சான்றிதழ். சான்றிதழ் என்றதும் முத்திரை குத்திய தாளை நினைக்க வேண்டாம். பதிவேட்டுக் கணினியில் அது ஒரு வரி. நிலையத்தின் பெயர், எந்த வகை மின்சாரம், எந்த மாதம் உற்பத்தியானது, ஒரு வரிசை எண். வாங்கியவர் அதைத் தன் கணக்கில் பயன்படுத்திக்கொண்டதும் அந்த எண்ணை ரத்து செய்துவிடுவார்கள். அதை மறுபடி விற்க முடியாது.

மின்சாரத்தை ஒருவருக்கும் சான்றிதழை இன்னொருவருக்கும் விற்கலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் விசேஷம். குழப்பம் ஆரம்பிக்கும் இடமும் அதுதான். நார்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் அநேகமாக முழுவதும் நீர்மின்சாரமும் காற்று மின்சாரமும்தான். ஆனால் அந்த அணைகளின் சான்றிதழ்களில் பெரும்பகுதியை ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இருப்பவர்கள் வாங்கிப் போய்விடுகிறார்கள். விளைவு, சான்றிதழ் வாங்காத நார்வே வாடிக்கையாளருக்கு நாட்டின் மின்சாரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிடும் கணக்கில், அவர் பயன்படுத்தும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி, எரிவாயு, அணு என்று வருகிறது. ஜன்னலைத் திறந்தால் அருவி தெரியும் வீட்டில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு! ஐரோப்பியக் கட்டமைப்போடு ஒரு கம்பிகூட இணையாத ஐஸ்லாந்திலும் இதே கூத்து நடந்திருக்கிறது.

சான்றிதழை மட்டும் தனியாக வாங்கிக் கணக்கை முடிப்பது சுலபம். அமெரிக்காவில் நீண்ட காலம் ஒரு மெகாவாட் மணிக்கான சான்றிதழ் ஒரு டாலருக்கும் கீழே விற்றது. 1,000 யூனிட்டுக்கு ஒரு டாலர் என்பதைப் பார்த்துவிட்டு யாரும் புதிதாகக் காற்றாலை நட மாட்டார்கள். இருபது வருடம் முன்பே கட்டி, கடனும் அடைத்து முடித்த நிலையத்துக்கு அது எதிர்பாராமல் கிடைக்கும் சில்லறை, அவ்வளவுதான். இப்படி வாங்கும் ஊரின் அறிக்கையில் கரியமில வாயு உமிழ்வு குறையும். வானத்தில் குறையாது.

நகரங்களுக்கு முன்பே பெரிய நிறுவனங்கள் இந்த வழியில் போயிருக்கின்றன. உமிழ்வைக் குறைப்பதாக உறுதி கொடுத்த 115 நிறுவனங்களின் கணக்கை ஆராய்ந்து 2022-ல் ஓர் ஆய்வு வெளியானது. 2015 முதல் 2019 வரை வாங்கிய மின்சாரத்தால் வரும் உமிழ்வில் 31 சதவீதத்தைக் குறைத்துவிட்டதாக அவை காட்டியிருந்தன. சான்றிதழ்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் உண்மையில் குறைந்திருந்தது சுமார் 10 சதவீதம்தான்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்ற சிறிய நகரம், தன் மின்சாரம் முழுவதும் புதுப்பிக்கத்தக்கது என்று 2014-லேயே அறிவித்தது. நகரத்தின் சொந்த மின் நிறுவனத்துக்கு மரச்சில்லுகளை எரிக்கும் நிலையத்தில் பங்கு உண்டு. நீர்மின்சாரமும் காற்று மின்சாரமும் உண்டு. மரத்தை எரிப்பதைப் பசுமைக் கணக்கில் சேர்க்கலாமா என்பது ஒரு தனிச் சண்டை, அதற்குள் இப்போது போகவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. இந்த நிறுவனம் தன் விலை உயர்ந்த சான்றிதழ்களை நல்ல விலை தரும் மாநிலங்களில் விற்றுவிட்டு, தன் கணக்குக்கு மலிவான நீர்மின் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறது. பொன்னி அரிசியை விற்றுவிட்டு ரேஷன் அரிசி வாங்குவது போல. வித்தியாசத்தில் கிடைக்கும் பணம் ஊர்க்காரர்களின் கட்டணத்தை ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. விதிப்படி சரி. அதை ஒளித்துச் செய்யவும் இல்லை. ஆனாலும் ‘100 சதவீதம்’ என்ற சொல் எவ்வளவு நெகிழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

வங்கி பார்க்கும் கையெழுத்து

அப்படியானால் நகரங்கள் மின்சாரம் வாங்குவதால் எந்தப் பயனும் இல்லையா? இருக்கிறது. ஆனால் அது பலரும் நினைக்கும் இடத்தில் இல்லை.

காற்றாலைக்கும் சூரிய மின் பூங்காவுக்கும் எரிபொருள் செலவு கிடையாது. செலவு அநேகமாக முழுவதும் கட்டும்போதே முடிந்துவிடுகிறது. அந்தப் பணம் கடனாக வருகிறது. ஆகவே அங்கே உற்பத்தியாகும் ஒரு யூனிட்டின் விலையை நிர்ணயிப்பதில் வட்டிக்குப் பெரிய பங்கு. வங்கி கேட்பது ஒன்றைத்தான்: பத்துப் பதினைந்து வருடத்துக்கு இதை யார் வாங்கப் போகிறார், அவர் அதுவரை இருப்பாரா? தனியார் கம்பெனி கைமாறலாம், மூடலாம். ஊர் எங்கேயும் போகாது. வரி வசூலிக்கும், குடிநீர் விடும், தெருவிளக்குப் போடும். அப்படிப்பட்ட ஒருவர் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்துக்கு வங்கியில் மதிப்பு அதிகம். அதை வைத்துக் கடன் கிடைக்கிறது, நிலையம் எழும்புகிறது. என் பார்வையில் நகரம் கொடுக்கும் பணத்தைவிட இந்தக் கையெழுத்துதான் அதிக வேலை செய்கிறது. ஒவ்வொரு வருடமும் சான்றிதழ் வாங்குகிற நகரம் அடுத்த வருடம் வாங்காமலும் விடலாம். அதை நம்பி யாரும் கடன் தர மாட்டார்கள்.

மெல்பர்ன் இதைச் செய்த விதம் கவனிக்க வேண்டியது. மாநகராட்சி தனியாகப் போயிருந்தால் ஒரு காற்றாலைப் பண்ணையைக் கட்டவைக்கும் அளவுக்கு அதனிடம் தேவை இல்லை. எனவே பக்கத்து நகராட்சிகள், இரண்டு பல்கலைக்கழகங்கள், வங்கிகள், அஞ்சல் துறை, உயிரியல் பூங்கா என்று 14 அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு ஒரே டெண்டர் விட்டது. வருடத்துக்கு 8.8 கோடி யூனிட், பத்து வருடத்துக்கு. அந்த ஒப்பந்தத்தின் பலத்தில் ஆரரட் ஊருக்குப் பக்கத்தில் கிரௌலண்ட்ஸ் என்ற இடத்தில் 39 காற்றாலைகள், 80 மெகாவாட் திறனில் எழுந்தன. 2019 ஜனவரியிலிருந்து மாநகராட்சி தன் மின்சாரம் முழுவதையும் புதுப்பிக்கத்தக்கது என்று கணக்குக் காட்டுகிறது. இங்கே கவனியுங்கள்: அந்தப் பண்ணையின் உற்பத்தி முழுவதையும் இந்த 14 பேர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பகுதிக்கு நிச்சயமான ஆள் கிடைத்ததே முழுப் பண்ணையும் கட்டப்படப் போதுமாக இருந்தது.

பதினான்கு அமைப்புகளின் வழக்கறிஞர்களை ஒரே ஒப்பந்த வாசகத்துக்குச் சம்மதிக்க வைப்பது காற்றாலை நடுவதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்குப் பாதை தெரிந்துவிடும்.

இரண்டு ஊர், ஒரே பந்தயம்

நீண்டகால ஒப்பந்தம் என்றால் நீண்டகாலப் பந்தயம் என்றும் அர்த்தம். இருபது வருடத்துக்கு இன்ன விலை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் சந்தை விலை ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம். மேடையில் ‘மின்கட்டணம் குறையும்’ என்று பேசுகிற மேயர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வது அபூர்வம்.

டெக்சஸ் மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் ஒரு நடுத்தர ஊர். மின் விநியோகம் நகரத்தின் கையிலேயே இருக்கிறது. எண்ணெய்க்குப் பேர்போன மாநிலத்தில், குடியரசுக் கட்சி மேயர் ஒருவரின் காலத்தில், அந்த ஊர் காற்றுக்கும் சூரியனுக்கும் மாறியது. காற்றாலைப் பண்ணையோடு இருபது வருட ஒப்பந்தம், சூரிய மின் பூங்காவோடு இருபத்தைந்து வருட ஒப்பந்தம். நாடு முழுக்க இருந்து செய்தியாளர்கள் வந்து படம் பிடித்துப் போனார்கள். மேயர் டேல் ராஸ் சொன்ன காரணத்தில் பருவநிலை முதலிடத்தில் இல்லை. விலை நிலையாக இருக்கும், கணக்குப் பார்த்தால் இதுதான் சரி என்பதே அவர் வாதம்.

கணக்கு வேறு மாதிரி போனது. ஊர் வளரும் என்று எதிர்பார்த்து இப்போதைய தேவையைவிட அதிகமாகவே வாங்கியிருந்தார்கள். மிச்சத்தைச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம் என்பது திட்டம். ஆனால் எரிவாயு மலிந்து கிடந்ததால் சந்தை விலை சரிந்தது. மேற்கு டெக்சஸில் காற்று நன்றாக அடிக்கும் நேரத்தில் எல்லாக் காற்றாலைகளும் சேர்ந்து சுற்றும். வெளியே கொண்டுபோகப் போதிய கம்பி இருக்காது. அப்போது விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். மிச்சத்தை வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டிவந்தது. 2018-ல் மட்டும் சுமார் 68 லட்சம் டாலர் துண்டு விழுந்தது. அது கடைசியில் மக்களின் மின்கட்டணத்தில்தான் வந்து விடிந்தது.

இப்போது ஆஸ்திரேலியாவின் தலைநகரப் பிரதேசம், கான்பராவைப் பாருங்கள். அங்கே ஏலம் விட்டார்கள். யார் குறைந்த விலைக்குத் தருகிறார்களோ அவர்களுக்கு இருபது வருட உத்தரவாதம். தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள ஹார்ன்ஸ்டேல் காற்றாலைப் பண்ணையின் மூன்றாம் கட்டத்துக்குக் கிடைத்த விலை மெகாவாட் மணிக்கு 73 ஆஸ்திரேலிய டாலர், இருபது வருடமும் அதே 73. பணவீக்கத்துக்கு ஏற்ற உயர்வுகூடக் கிடையாது.

ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்றால், காற்றாலைக்காரர் மின்சாரத்தைத் தன் பக்கத்துச் சந்தையில் விற்கிறார். அங்கே 50 டாலர் கிடைத்தால் குறைகிற 23 டாலரைக் கான்பரா கட்டுகிறது. சந்தையில் 100 கிடைத்தால் மிச்சம் 27 டாலரைக் காற்றாலைக்காரர் கான்பராவுக்குத் திருப்பித் தருகிறார். மின்சாரம் கான்பராவுக்கு வர வேண்டும் என்பதே இல்லை, விலை வித்தியாசம் மட்டும் அங்கும் இங்கும் போய் வருகிறது. சந்தை மலிவாக இருந்த வருடங்களில் கான்பரா வீடுகள் கூடுதலாகக் கட்டின. 2022-ல் நிலைமை தலைகீழானது. நிலக்கரி, எரிவாயு விலை எகிறியது, பல நிலக்கரி நிலையங்கள் பழுதாகி நின்றன. ஜூனில் கிழக்கு ஆஸ்திரேலியாவின் மின்சந்தையையே சில நாள் நிறுத்திவைக்கும் அளவுக்குப் போனது. அந்தக் காலாண்டின் சராசரி மொத்த விலை 264 டாலர். இப்போது பணம் கான்பராவை நோக்கி ஓடியது. பக்கத்து நியூ சவுத் வேல்ஸில் வீடுகளுக்கான அடிப்படைக் கட்டணம் 8 முதல் 18 சதவீதம் வரை ஏறியபோது, கான்பராவில் கட்டணம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது.

ஜார்ஜ்டவுனில் இருந்தவர்கள் ஏமாளிகள், கான்பராவில் இருந்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்று சொல்லிவிடலாமா? பாதி உண்மை. கான்பரா பல ஏலங்களை வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு மாநிலங்களில் நடத்திப் பந்தயத்தைப் பரப்பியது. ஏறும் இறங்கும் தொகை எல்லா வாடிக்கையாளருக்கும் எப்படிப் பிரியும் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. ஜார்ஜ்டவுன் இரண்டு பெரிய ஒப்பந்தங்களில் தேவைக்கு மேல் போட்டது. மற்ற பாதி அதிர்ஷ்டம். 2018-ல் எரிவாயு விலை ஏறியிருந்தால் இரண்டு ஊர்களைப் பற்றியும் நாம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம்.

வெற்றிக் கதை சொல்லும் அறிக்கைகளில் தவறாமல் வரும் ‘சேமிப்பு’ என்ற எண்ணையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். ஹூஸ்டன் 2020 ஜூலை முதல் மாநகராட்சி வேலைகள் அனைத்துக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்குகிறது. ஏழு வருடத்தில் 6.5 கோடி டாலர் மிச்சமாகும் என்று ஒப்பந்தம் போடும்போதே அறிவித்தார்கள். எதிர்காலச் சந்தை விலையைப் பற்றிய ஓர் ஊகம் அதற்குள் இருக்கிறது. தவறான ஊகம் என்று சொல்லவில்லை. ஊகம் என்கிறேன்.

விளக்கு எரியும் நேரம்

ஓ'ஹேர் விளக்குக்குத் திரும்புவோம். மாநகராட்சியின் மின் தேவை வீட்டுத் தேவை மாதிரியோ ஆலைத் தேவை மாதிரியோ இருக்காது. தெருவிளக்கை எடுத்துக்கொண்டால் சூரியத் தகட்டில் உற்பத்தி நிற்கும் நிமிடத்தில்தான் அது எரியவே ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே கிடையாது. வருடக் கணக்கு மட்டும் அவற்றைக் கொண்டுவந்து ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது. பகலில் உற்பத்தியான உபரியையும் இரவில் பயன்படுத்தியதையும் கழித்தால் பூஜ்யம், ஆகவே உமிழ்வும் பூஜ்யம் என்று.

சூரிய மின்சாரம் குறைவாக இருந்த காலத்தில் இதில் பெரிய தப்பு இல்லை. நடுப்பகலில் ஒரு யூனிட் கூடுதலாக வந்தால் எங்கோ ஒரு நிலக்கரி நிலையம் ஒரு யூனிட் குறைத்துக்கொண்டது. இப்போது கலிஃபோர்னியா போன்ற இடங்களில் நடுப்பகலில் ஏரி நிரம்பி வழிகிறது. சூரிய மின் நிலையங்களையே நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் இன்னொரு யூனிட் கொட்டுவதால் எந்த நிலக்கரியும் மிச்சமாகாது. மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு போடும்போது எரிவாயு நிலையங்கள்தான் வந்து நிற்கின்றன.

இதனால்தான் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்தந்த மணி நேரத்தில் உற்பத்தியானதைப் பொருத்திக் காட்டு என்ற கோரிக்கை வலுத்திருக்கிறது. அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரம் 2035-க்குள் இருபத்துநாலு மணி நேரமும் கரியமில்லா மின்சாரம் என்று 2021-ல் தீர்மானம் போட்டது. கலிஃபோர்னியாவில் சான் மாட்டேயோ கவுண்டிக்கு மின்சாரம் வாங்கித் தரும் பொது அமைப்பு, பெனின்சுலா கிளீன் எனர்ஜி, கணக்குப் போட்டுப் பார்த்தது. மணிக்கு மணி 99 சதவீதம் பொருத்த, ஆகும் கூடுதல் செலவு 2 சதவீதம் அளவுதான். கடைசி ஒரு சதவீதத்தையும் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் அது 10 சதவீதத்துக்குத் தாவுகிறது. காற்று, சூரியன், பேட்டரி என்று கலந்து வாங்குவதால் வரும் பலன் இது. காற்று பல இடங்களில் இரவில் நன்றாக அடிக்கும். தெருவிளக்குக்கு ஏற்ற துணை அதுதான்.

இந்த இடத்தில் மாநகராட்சிகளிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி. குடிநீரை மேலே ஏற்றும் மோட்டார்கள் பல நகரங்களில் நகராட்சி மின்செலவின் பெரிய துண்டு. தண்ணீர் எப்போது குழாயில் வர வேண்டும் என்பதை மக்கள் தீர்மானிக்கிறார்கள், ஆனால் எப்போது தொட்டிக்கு ஏற வேண்டும் என்பது மோட்டாரை இயக்குபவர் கையில். விடிகாலையில் ஏற்றுவதை மதியம் பன்னிரண்டுக்கு மாற்றினால், தொட்டி கொள்கிற அளவுக்கு, அது பேட்டரி செய்கிற வேலையைச் செய்யும். கழிவுநீர் நிலையத்தில் சில வேலைகளையும் இப்படி நகர்த்தலாம். இதற்குப் புது ஒப்பந்தம் வேண்டாம், மேடை போட்டு அறிவிக்கவும் ஒன்றும் இல்லை. அதனாலேயே இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை போலும். தெருவிளக்கின் பழைய சோடியம் பல்புகளை மாற்றுவதும் இதே ரகம். லாஸ் ஏஞ்சலஸ் 2009-ல் தொடங்கி முதல் கட்டத்தில் சுமார் 1,40,000 விளக்குகளை எல்ஈடிக்கு மாற்றியபோது அவற்றின் மின்செலவு 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வாங்க வேண்டிய மின்சாரமே பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

மணி நேரப் பொருத்தத்திலும் ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு கட்டாயம் தருவேன் என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால் வானிலையின் ஆபத்தும் அவர் தலையில்தான். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் பனிப்புயல் வந்தபோது அப்படி வாக்குக் கொடுத்திருந்த சில காற்றாலைப் பண்ணைகளின் இறக்கைகள் உறைந்து நின்றன. தர வேண்டியதைச் சந்தையில் மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் வரை கொடுத்து வாங்கித் தர வேண்டிவந்தது. இந்த ஆபத்துக்கும் ஒப்பந்த விலையில் ஒரு இடம் உண்டு. நகரம் அதைத் தன்மேல் போட்டுக்கொண்டால் மலிவு, விற்பவர்மேல் தள்ளினால் விலை அதிகம்.

மாநகராட்சி வேறு, ஊர் வேறு

‘இந்த நகரம் 100 சதவீதம் பசுமை மின்சாரத்துக்கு மாறியது’ என்று தலைப்புப் போடும்போது பெரும்பாலும் மாறியது நகரம் இல்லை, மாநகராட்சி. அதன் அலுவலகங்கள், விளக்குகள், மோட்டார்கள். பல நகரங்களில் இவற்றின் உமிழ்வு ஊரின் மொத்தத்தில் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். வீடுகளும் கடைகளும் வண்டிகளும் பழையபடியே.

ஊர் முழுவதையும் மாற்ற ஒரு வழி, வீடுகளின் சார்பாக நகரமே மின்சாரம் வாங்குவது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் 1997-ல் இதற்குச் சட்டம் போட்டது, கலிஃபோர்னியா 2002-ல். கலிஃபோர்னியாவில் முதலில் ஆரம்பித்தது 2010-ல் மரின் கவுண்டி. கம்பியும் மீட்டரும் பழைய மின் நிறுவனத்திடமே இருக்கும், எங்கே வாங்குவது என்பதை மட்டும் ஊர் தீர்மானிக்கும். இதன் சூட்சுமம் ஒரே விதியில் இருக்கிறது: வேண்டும் என்பவர் எழுதிக்கொடுத்துச் சேர வேண்டியதில்லை, வேண்டாம் என்பவர்தான் எழுதிக்கொடுத்து விலக வேண்டும். பெரும்பாலானோர் எழுதிக்கொடுக்கச் சோம்பல்படுவார்கள். அந்தச் சோம்பல்தான் இந்தத் திட்டத்தின் மூலதனம். ஆரம்பத்தில் மரின் தனிச் சான்றிதழ்களை நம்பியதற்காகத் திட்டு வாங்கியது, பிறகு நீண்டகால ஒப்பந்தங்களுக்குப் போனது. தன்னை விட்டு ஊர்த் திட்டத்துக்குப் போனவர்களுக்காகப் பழைய நிறுவனம் முன்பு போட்ட ஒப்பந்தங்களின் செலவை யார் ஏற்பது என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அப்படிப் போனவர்களிடம் அதற்காகத் தனிக் கட்டணம் பிடிக்கிறார்கள். அந்தக் கட்டணம் ஏறும்போதெல்லாம் ஊரின் மின்சாரம் மலிவு என்ற விளம்பரம் கொஞ்சம் வாடிப்போகும்.

ஜெர்மனியின் மியூனிக் வேறு பாதையில் போனது. நகரத்துக்குச் சொந்தமான மின் நிறுவனம், ஊர் பயன்படுத்தும் அளவுக்கு மின்சாரத்தை 2025-க்குள் தன் சொந்தப் புதுப்பிக்கத்தக்க நிலையங்களில் உற்பத்தி செய்வேன் என்று இலக்கு வைத்தது. ஊருக்குள் அவ்வளவு காற்றும் இடமும் இல்லை. ஆகவே பிரிட்டனின் வேல்ஸ் கடலோரக் காற்றாலைப் பண்ணையிலும் ஸ்பெயினின் சூரிய நிலையத்திலும் பங்கு வாங்கியது. இதற்கு நடுவே ஊர் எல்லையை ஒட்டியே அதன் நிலக்கரி நிலையம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. 2017-ல் அதை 2022-க்குள் மூட வேண்டும் என்று மக்கள் வாக்கெடுப்பில் 60 சதவீதம் பேர் சொன்னார்கள். கட்டமைப்புக்கு அந்த நிலையம் தேவை என்று மத்திய அமைப்பு சொன்னதால் மூட முடியவில்லை. வேல்ஸ் கடலில் சுற்றும் காற்றாலை மியூனிக்கின் கணக்கில் ஏறியது. குளிர்காலத்தில் வீடுகளுக்கு வெந்நீரும் மின்சாரமும் பக்கத்து நிலக்கரியிலிருந்து வந்தன.

இந்த இரட்டைக் கணக்கை விதிகள் ஒப்புக்கொள்கின்றன. உமிழ்வுக் கணக்குக்கு உலகம் பின்பற்றும் கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் 2015-லிருந்து நிறுவனங்கள் இரண்டு எண்ணையும் காட்ட வேண்டும் என்கிறது: ஏரியின் சராசரித் தண்ணீர்படி ஒன்று, வாங்கிய ஒப்பந்தங்கள், சான்றிதழ்கள்படி ஒன்று. ஊர் முழுவதுக்குமான கணக்குக்கு நகரங்கள் பயன்படுத்தும் தனி விதிப்புத்தகமோ இன்னும் கறார். மொத்தத்தில் ஏற வேண்டியது ஏரியின் சராசரிதான், ஒப்பந்தக் கணக்கைப் பக்கத்தில் தனியாகக் காட்டிக்கொள்ளலாம். அதாவது ஒரு நகரம் எவ்வளவு காற்று மின்சாரம் வாங்கினாலும், தன் பகுதிக் கட்டமைப்பு சுத்தமாகாதவரை, அந்த முதல் எண் அசையாது. செய்திக்குறிப்பில் வருவது பெரும்பாலும் இரண்டாவது எண். ஒரு நகரத்தின் அறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது இந்த இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை. அடுத்து, ஒப்பந்தம் போட்ட வருடத்தையும் நிலையம் கட்டிய வருடத்தையும். நிலையம் பத்து வருடம் மூத்ததாக இருந்தால் மேலே படிக்க அவசரம் இல்லை.

அந்த இரண்டாவது எண்ணுக்கான விதியே இப்போது மாறப்போகிறது போலத் தெரிகிறது. 2025 அக்டோபரில் கருத்துக் கேட்க வெளியிட்ட வரைவில், சான்றிதழ் அந்தந்த மணி நேரத்துக்குப் பொருந்த வேண்டும், மின்சாரம் வந்து சேரக்கூடிய கட்டமைப்புக்குள்ளிருந்தே வாங்கியிருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. இவை அப்படியே வந்துவிட்டால் வேல்ஸ் காற்றாலையை மியூனிக்கின் கணக்கில் எழுதுவது சிரமமாகிவிடும். சூரிய மின் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இரவு பத்து மணி விளக்குக்குப் பூஜ்யம் போடுவதும் முடியாது. அந்த விளக்குக்கென்று காற்றாலையையோ பேட்டரியையோ தேடிக்கொண்டு சிகாகோ மறுபடி டெண்டர் விட வேண்டியிருக்கும்.